பச்சைப் பெயிண்ட் போர்

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவனுக்கு நாளடைவில் ஒரு குணம் வந்துவிடும். "மேலே போகும், பயப்படாம ஏறுங்க" என்று யார் சொன்னாலும் அவன் முதலில் கயிற்றைத்தான் பார்ப்பான். எனக்கு அந்தக் குணம் கொஞ்சம் முற்றிப் போனது. எதிரே வருகிறவன் பல்லைக் காட்டினால், இவன் எதற்குச் சிரிக்கிறான் என்று யோசித்துவிட்டுத்தான் பதிலுக்குச் சிரிப்பேன். அதற்குள் அவன் போய்விடுவான். என் அக்கா இதை வியாதி என்கிறாள். இருந்துவிட்டுப் போகட்டும். இந்த வியாதியில் கால்வாசி என் அத்தானுக்குத் தொற்றியிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அத்தான் ரொட்டிக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் "அப்படியா!" என்று வாயைப் பிளக்கிற ரகம். அவருக்கும் அக்காவுக்கும் ஒரே பெண். கல்யாண வயது வந்த பிறகும் வீட்டில் அவள் பாப்பாதான். நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு, வடக்கே ஒரு குளிர் நாட்டில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தாள். ஒப்பந்த வேலை, வருஷக் கடைசியில் நிரந்தரமாகிவிடும் என்றிருந்தது. நிரந்தரமானால் ஆபரேஷன் தியேட்டர் பயிற்சி, மேல்படிப்பு என்று பெரிய கணக்குப் போட்டு வைத்திருந்தாள். சின்ன வயதில் பொம்மைக்கு ஊசி போட்டு விளையாடிய குழந்தை இல்லை அவள். பொம்மையின் வயிற்றைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஒழுங்காகத் தைத்தும் வைத்த குழந்தை. அந்த வேலைக்கென்றே பிறந்தவள் என்று நான் சொன்னால் தாய்மாமன் பெருமை என்பீர்கள். பெருமைதான்.

இந்த இடத்தில் உன்னிப்பு வருகிறார்.

உன்னிப்பு என்பது நாங்கள் சிலர் வைத்த பெயர். ஒரு காலத்தில் அவர் நிதி நிறுவனம் நடத்தினார். ஏழாவது மாடியில் ஆபீஸ். போட்ட பணத்தைக் கேட்டு யாராவது வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். எதிரே உட்கார்ந்திருப்பவரின் தலைக்குச் சற்று மேலே பார்ப்பார். "நிலைமையை உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம்" என்பார். எந்த நிலைமை, கவனிக்கிறது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்க வாயைத் திறப்பதற்குள் காபி வந்துவிடும்.

அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் பழுது என்று ஒரு தரம் என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் ஒரு கோளாறும் இல்லை, வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. வாசலில் இருந்த காவலாளி என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "அண்ணே, பழுதுன்னு ஒரு பில்லு மட்டும் குடுத்துட்டுப் போயிடுங்க. படியில ஏற விட்டா வயசானவங்க எல்லாம் மூணாவது மாடியோட திரும்பிடுறாங்க, ஐயாவுக்கு அதான் வசதி" என்றான். நான் பில் கொடுக்கவில்லை. அடுத்த வாரமே வேறு மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் பில் கொடுத்தான்.

பிறகு அந்த நிறுவனம் என்ன ஆனது என்பது ஊருக்கே தெரியும். பலர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். உன்னிப்பு மட்டும் கோட்டுப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்வந்தார். உள்நாட்டு நிதி விவகாரங்களைப் பற்றி அவர் இனிமேல் பொதுவில் வாயே திறக்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. வெளிநாட்டைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. அவருடைய வக்கீல் அதை உன்னிப்பாகக் கவனித்துச் சொன்னார். அதே சமயம் அவரிடம் கடன்பட்டிருந்த ஒரு டிவி சேனல், திருப்பிக் கொடுக்க வழியில்லாமல், மாலைச் செய்திக்குப் பிந்தைய நேரத்தை அவருக்கு எழுதிக் கொடுத்தது. இப்படியாகத்தான் நம் நாட்டுக்கு ஓர் உலக விவகார விமர்சகர் கிடைத்தார்.

நிகழ்ச்சியின் ஆரம்பத்தில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஒரு சின்னப் படமாகக் காட்டுவார்கள். கடற்கரையில் நடப்பார். உலக உருண்டையைச் சுழற்றி ஒரு விரலால் நிறுத்துவார். நிதி நிறுவனம் நடத்திய வருஷங்களுக்கு, அவர் ஒரு ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிற காட்சியைப் போட்டு, "ஆழ்ந்த சிந்தனையில் கழிந்த ஆண்டுகள்" என்று ஒரு குரல் சொல்லும். அது எந்த ஜன்னல் என்று எனக்குத் தெரியும். கீழே ஜனங்கள் படியேறுகிறார்களா என்று பார்க்கிற ஜன்னல்.

அத்தான் கடையில் அந்த டிவிதான் ஓடும். ஒரு சாயங்காலம் நான் ரொட்டி வாங்கப் போயிருந்தபோது, உன்னிப்பு வரைபடத்தின் முன்னால் குச்சியோடு நின்றார். பாப்பா இருக்கிற நாட்டுக்கும் அதன் பக்கத்து நாட்டுக்கும் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. ஆற்றின் மேலே ஒரு பாலம். அந்தப் பாலத்தை மூடிவிட்டார்கள். "பாலத்தை யார் மூடுவார்கள்? எதற்கு மூடுவார்கள்?" என்று கேட்டுவிட்டு உன்னிப்பு கண்ணாடியைக் கழற்றினார். எங்கள் தலைக்குச் சற்று மேலே பார்த்தார். "போர் மேகம்" என்றார்.

அத்தான் கையிலிருந்த ரொட்டி தரையில் விழுந்தது. அதே இடத்தில் நின்று பாப்பாவுக்குப் போன் போட்டார். வீடியோவில் அவள் முகம் வந்தது. ட்யூட்டி முடிந்த களைப்பு.

"பாப்பா, பாலத்தை மூடிட்டாங்களாமே?"

"ஆமாப்பா. பெயிண்ட் அடிக்கிறாங்க."

"பெயிண்ட்டா? யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? என் வார்டு ஜன்னல்ல இருந்து பாத்தாலே தெரியுது. நாலு பேரு தொங்கிக்கிட்டு அடிக்கிறாங்க. ஒருத்தன் எப்பப் பாத்தாலும் தூங்குறான்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அத்தானுக்கு இல்லை. டிவியில் கோட்டுப் போட்ட மனிதர் குச்சி வைத்துக்கொண்டு சொல்கிறார். இவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள். "குழந்தைக்கு என்ன தெரியும்?" என்றார் அத்தான். மறுநாள் ஐயாவையே நேரில் பார்த்து, பெண்ணை வரவழைப்பதா விடுவதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். தனியாக அனுப்ப எனக்கு மனசில்லை. நானும் கூடப் போனேன்.

சேனல் வரவேற்பறையில் ஒரு பெண் நிமிர்ந்து பார்க்காமல், "ஐயாவைப் பாக்கணுமா? உள்நாடா, வெளிநாடா?" என்று கேட்டாள்.

"உள்நாடுன்னா?" என்றேன்.

"பணம் கேட்டு வர்றவங்க. அவங்க வக்கீல் ஆபீசுக்குப் போகணும். வெளிநாடுன்னா இங்க உக்காரலாம்."

அத்தான் நெஞ்சை நிமிர்த்தி "வெளிநாடு" என்றார். சட்டையில் குத்திக்கொள்ள ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். எதிர்ச் சுவரில் வரிசையாகப் பெரிய கடிகாரங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு வெளிநாட்டு நகரத்தின் பெயர். எல்லாவற்றிலும் ஒரே நேரம். எனக்கு உடனே மூக்கில் வியர்த்துவிட்டது. அந்தப் பக்கமாகப் போன ஆபீஸ் உதவியாளரிடம் கேட்டேன்.

"முன்னாடி வேற வேற நேரம்தான் சார் காட்டுச்சு. ஐயா பாத்துட்டுக் குழம்பிப் போயிட்டார். அதான் ஒண்ணாக்கிட்டோம். இப்ப உலகம் பூரா நம்ம டைம்தான்."

எங்களை உள்ளே அழைத்துப்போக ஓர் ஒருங்கிணைப்பாளர் வந்தார். போகிற வழியில் 'தகவல் மூலங்கள்' என்று பலகை மாட்டிய அறையைப் பெருமையாகத் திறந்து காட்டினார். மூலையில் ஒருவர் முறுக்கிய மீசையோடு தனியாக உட்கார்ந்திருந்தார். அத்தான் மரியாதையாக வணங்கி, "உங்க பேரு?" என்று கேட்டார். மனிதர் பதறிப்போனார்.

"அதை மட்டும் கேக்காதீங்க, வேலையே போயிடும்" என்றார்.

ஒருங்கிணைப்பாளர் விளக்கினார்: "இவர்தான் பெயர் வெளியிட விரும்பாத உயர் அதிகாரி. ரொம்ப சீனியர். முன்னாடி ஐயாவோட நிதி நிறுவனத்துல வசூல் பிரிவுல இருந்தார்."

நடு மேஜையில் ஒரே நாற்காலியில் இரண்டு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள்தான் அரசுக்கு நெருக்கமான வட்டாரங்கள். இன்னொரு நாற்காலி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம், இன்னும் வரவில்லையாம். ஜன்னல் ஓரமாக ஒருவர் வெளியே வெறித்துக்கொண்டிருந்தார். சர்வதேச நோக்கர். அவர் நோக்கிய திசையில் நானும் எட்டிப் பார்த்தேன். கார் நிறுத்துமிடம். யாரோ ஒருவர் பின்னால் வண்டி எடுக்கத் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்.

"இவங்க எல்லாரும் வெளிநாடு போயிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"போனா நடுநிலை கெட்டுடும்னு ஐயா அனுப்புறதில்லை" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

உன்னிப்பின் அறையில் அந்தப் பழைய மேஜையே கிடந்தது. காபியும் அதே வேகத்தில் வந்தது. அத்தான் காபியைத் தொடாமல் கைகூப்பிக்கொண்டு நின்றார்.

"ஐயா, ஒரே பொண்ணு. நர்ஸா இருக்கா. வருஷக் கடைசியில வேலை நிரந்தரமாயிடும்னு சொல்றா. நீங்க போர் வரும்னு சொல்றீங்க. கூப்பிட்டுக்கவா, விட்டுடவா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

உன்னிப்பு அலுப்போடு கண்ணாடியைக் கழற்றப் போனவர் பாதியில் நிறுத்தினார். "பொண்ணு எந்தப் பக்கம் இருக்கு?"

"பாலத்துக்குப் பக்கத்துல ஐயா. ஆஸ்பத்திரி ஜன்னல்ல இருந்து பாலம் தெரியுமாம்."

ஒருங்கிணைப்பாளர் பேனாவைத் திறந்தார். அந்தச் சேனல் ஆரம்பித்த நாளாக, பேசப்படுகிற நாட்டில் உண்மையிலேயே இருக்கிற ஓர் ஆளைப் பற்றி அவர்கள் கேள்விப்படுவது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"என்ன தெரியுதாம்?"

"நாலு பேரு தொங்கிக்கிட்டுப் பெயிண்ட் அடிக்கிறாங்களாம். ஒருத்தன் எப்பவும் தூங்குறானாம்."

"என்ன கலர்?"

அத்தான் போனில் பாப்பாவுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டார். பதில் வந்தது. "பச்சைங்கய்யா."

"பச்சை" என்றார் உன்னிப்பு. ஒருங்கிணைப்பாளரும் "பச்சை" என்று சொல்லி எழுதிக்கொண்டார். "ராணுவத்தோட கலர்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, எங்க ஊர்ல தபால் ஆபீஸ் கேட்டுக்குக்கூடப் பச்சைதான் அடிச்சிருக்கு. போர் வரும்னு எதை வச்சு இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?" என்றேன்.

"தம்பி யாரு?"

"லிஃப்ட் மெக்கானிக். உங்க பழைய ஆபீசுக்கு ஒரு தரம் வந்திருக்கேன்."

ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். அப்புறம் கோபப்படாமல் சிரித்தார். அவர் சிரிப்புதான் எனக்குக் கோபத்தைவிட மோசமாகப் பட்டது. பாடம் நடத்துகிறவர்போல நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"தம்பி, நான் நிதித் துறையில இருந்தப்ப எதிர்ச் சாரியில ஒரு போட்டி நிறுவனம். நல்ல உறுதியான நிறுவனம், நேர்மையான ஆளுங்க, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா அது விழப் போகுதுன்னு எனக்கு மட்டும் முன்கூட்டியே தெரிஞ்சுது. எப்படி? காலையில என் ஆபீஸ் ஆளுங்களைக் கூப்பிட்டு, அவங்க வாசல்ல போய் வரிசையா நில்லுங்கடான்னேன். யார் என்ன கேட்டாலும் பேசாதீங்க, முகத்தை மட்டும் கவலையா வச்சுக்குங்கன்னேன். மத்தியானத்துக்குள்ள வரிசை தெருமுனை தாண்டிப் போச்சு. சாயங்காலம் ஷட்டர் இறங்கிடுச்சு. விழும்னு சொன்னேன், விழுந்துச்சா இல்லையா? இதுக்குப் பேருதான் தொலைநோக்கு. ஒரு கம்பெனிக்கு எதுவோ அதுதான் ஒரு நாட்டுக்கும். அளவுதான் கொஞ்சம் பெரிசு."

ஒருங்கிணைப்பாளர் கைதட்டினார். பக்கத்து அறையிலிருந்து நெருக்கமான வட்டாரங்களும் கைதட்டினார்கள். அத்தான் கண் கலங்க, "எவ்வளவு அனுபவம் பாரு மாப்ள" என்றார்.

"அப்ப என் பொண்ணை..." என்று மறுபடி ஆரம்பித்தார். உன்னிப்பு கண்ணாடியை முழுசாகக் கழற்றினார். "நிலைமையை உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம்" என்றார். எங்களை வெளியே கொண்டுவந்து விட்டார்கள்.

அன்று மாலை கடையில் கூட்டம் கூடிவிட்டது. உன்னிப்பு வரைபடத்தின் முன்னால் நின்று, "பாலத்தின் மீது நான்கு பேர் கொண்ட குழு ஒன்று நிலைகொண்டிருக்கிறது. பச்சை நிறம் உறுதி செய்யப்பட்டிருக்கிறது. நால்வரில் ஒருவர் உறங்குவதுபோலக் காட்டிக்கொள்கிறார்" என்றார். "களத்திலிருந்து நமக்கு நேரடியாகக் கிடைத்த தகவல் இது."

அத்தான் என் கையை இறுக்கிப் பிடித்தார். "பாத்தியா மாப்ள? பாப்பா சொன்னதையே அவரும் சொல்றாரு."

"நீங்க சொன்னதைத்தானே அத்தான் திரும்பச் சொல்றாரு!"

"அதான்டா. ரெண்டு இடத்துல இருந்து ஒரே தகவல் வருது. அப்புறம் என்ன சந்தேகம்?"

மறுவாரம் அத்தான் டிவியிலேயே தோன்றினார். தகவல் மூலங்கள் அறையில் அவருக்குத் தனி நாற்காலி போட்டார்கள். ஒற்றை நாற்காலிக்காரர்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்களாம். திரையில் அவர் முகத்துக்குக் கீழே 'களத் தகவல் நிபுணர்' என்று போட்டார்கள். அக்கா இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையில் அவர் நிஜமாகவே நிபுணர் மாதிரி இருந்தார். "ஒரு தகப்பனா எனக்குத் தூக்கம் வரலைங்க" என்றார். பொய் இல்லை, உண்மையிலேயே அவர் தூங்குவதில்லை. உன்னிப்பு உடனே காமிராவைப் பார்த்து, "அந்த நாட்டோடு நேரடித் தொடர்புள்ளவர்கள் தூக்கமிழந்து தவிக்கிறார்கள்" என்றார். அதைக் கேட்டு அத்தானுக்கு இன்னும் பயம் கூடியது. யார் அந்தத் தவிக்கிறவர்கள் என்று என்னிடமே கேட்டார்.

அப்புறம் கடைக்குக் காமிரா வந்தது. காலை நேரம், சூடாக ரொட்டி இறங்குகிற சமயம், வழக்கம்போல ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். சேனல்காரர்கள் அவர்களைக் கெஞ்சி, சிரிக்காமல் இன்னொரு தரம் நிற்கச் சொன்னார்கள். ஒரு பாட்டியம்மா மட்டும் சிரித்துக் கெடுத்தார். அவரை வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாலையில் அது 'ரொட்டிக்காக நீளும் வரிசை' என்று ஓடியது. மறுநாள் நிஜமாகவே தெருமுனை வரைக்கும் வரிசை நின்றது. வந்தவர்கள் ஆளுக்கு ஒரு மூட்டை மாவு கேட்டார்கள். எனக்கு ஏழாவது மாடிக்காரர் சொன்ன கதை ஞாபகம் வந்தது. இந்தத் தடவை அவர் ஆட்களைக்கூட அனுப்பத் தேவைப்படவில்லை.

பாப்பா எனக்குப் போன் செய்தாள். அழுகிற பெண் இல்லை அவள். ஆனால் அன்றைக்குக் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"மாமா, நீயாவது அப்பாகிட்ட சொல்லேன். தினமும் கிளம்பி வா, கிளம்பி வான்னு ஒரே நச்சரிப்பு. இங்க ஒண்ணுமே இல்லை மாமா. பாதி பாலம் அடிச்சு முடிச்சுட்டாங்க, பாக்கவே அழகா இருக்கு."

"நீ அசையாத. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இது: அக்கா வீட்டுக்குப் போய்த் தொண்டை வற்ற ஒரு மணி நேரம் பேசினேன். லிஃப்ட் கதை, வரிசை கதை, கடிகாரக் கதை எல்லாம் சொன்னேன். அக்கா துணி மடித்துக்கொண்டே முழுசாகக் கேட்டாள்.

"நீ சொல்றது அத்தனையும் சரிடா. அந்த ஆளு புளுகன்தான், மூஞ்சைப் பாத்தாலே தெரியுது. ஆனா ஒருவேளை நீ சொல்றது தப்பாப் போச்சுன்னா உனக்கென்ன? 'ஐயோ பாவம்'னு சொல்லிட்டு லிஃப்டை ரிப்பேர் பண்ணப் போயிடுவ. எனக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணு. எதுக்கும் வந்துடட்டுமே."

அந்த 'எதுக்கும்' என்ற ஒரு சொல்லில்தான் உன்னிப்பின் நிதி நிறுவனம் நடந்தது, அதில்தான் எதிர்ச் சாரி நிறுவனம் விழுந்தது, அதில்தான் இப்போது அவருடைய டிவியும் ஓடுகிறது. அதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. மடித்து வைத்த துணியையே அவள் மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் எங்கள் ஊர்ப் பெண்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களைப் பெற்றவர்களும் டிவி பார்க்கிறவர்கள்தான். உன்னிப்பு சொன்னபோது அவர்கள் அவ்வளவாக அசையவில்லை. அத்தான் சொன்னதும் அசைந்துவிட்டார்கள். "ரொட்டிக் கடைக்காரர் பொய் சொல்ற மனுஷன் இல்லை, அவரே தூக்கம் வரலைங்கறாரு" என்று பேசிக்கொண்டார்கள். ஒரு தாய் நெஞ்சுவலி என்றாள். ஒரு தகப்பன் பேச மாட்டேன் என்றார். ஒவ்வொரு பெண்ணாக வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறினாள். உன்னிப்பு விமான நிலையத்திலிருந்தே நிகழ்ச்சியை நடத்தினார். "மருத்துவப் பணியாளர்கள் அந்த நாட்டை விட்டு வெளியேறத் தொடங்கிவிட்டார்கள். நான் அன்றே சொன்னேன்" என்றார்.

பாப்பா மட்டும் அசையவில்லை. போனவர்களின் ட்யூட்டியையும் சேர்த்து அவளே பார்த்தாள். என் தங்கம்! ஆனால் அவள் அசையாததால் என்ன? ஆஸ்பத்திரி நிர்வாகம் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மரியாதையாகவே பேசியிருக்கிறது. உங்கள் ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்து ஒரு போன் வந்தால் வார்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள். ஆபரேஷன் தியேட்டரில் இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொள்ள முடியாது. உன்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் நிரந்தரமாக்குவதற்கில்லை, ஒப்பந்தத்தையும் நீட்டுவதற்கில்லை. இதைச் சொன்ன அறையிலும் ஒரு ஜன்னல் இருந்ததாம். பாலத்துக்குக் கடைசிப் பூச்சு நடந்துகொண்டிருந்ததாம்.

அவள் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் காமிரா, பூங்கொத்து, ஒருங்கிணைப்பாளர், பெயர் வெளியிட விரும்பாத அதிகாரி எல்லாரும் இருந்தார்கள். அதிகாரி முகத்தைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டார். நான் பெட்டியை வாங்கிக்கொள்ளப் போவதற்குள் உன்னிப்பு மைக்கை அவள் வாய்க்கு நேரே நீட்டிவிட்டார்.

"அங்கே நிலைமை எப்படி இருக்கிறது, மகளே?"

"அங்க ஒண்ணும் இல்லை. பெயிண்ட் அடிச்சு முடிச்சுட்டாங்க" என்றாள் பாப்பா.

"அப்படியானால் ஏன் வேலையை இழந்து வந்திருக்கிறீர்கள்?"

அவள் அத்தானைப் பார்த்தாள். அத்தான் பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண் முழுசாக வந்து சேர்ந்த சந்தோஷத்தில் அவர் முகமெல்லாம் கண்ணீர். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எந்தப் பிள்ளை என்ன சொல்ல முடியும்? "எங்கப்பாவுக்காக" என்றாள்.

உன்னிப்பு காமிரா பக்கம் திரும்பினார். "அதிர்ச்சியில் பேச முடியாத நிலையில் இருக்கிறார்" என்றார்.

நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்பது ஒளிபரப்பில் வரவில்லை. "ஆத்திரமுற்ற பொதுமக்கள்" என்று என்னை மட்டும் காட்டினார்கள்.

சில நாட்களில் பாலத்தைத் திறந்தார்கள். புதுப் பச்சையில் பளபளத்தது. இரண்டு பக்கத்து ஜனங்களும் சைக்கிளில் போய்வந்தார்கள். இனி இந்த ஆள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு டிவியில் வருவார் என்று பார்க்க நானே கடைக்குப் போய் உட்கார்ந்தேன். அதே முகத்தை வைத்துக்கொண்டுதான் வந்தார். "சரியான நேரத்தில் நாம் எச்சரித்தோம். இரு நாடுகளும் பின்வாங்கின. வராத போர்தான் விமர்சகனுக்குக் கிடைக்கும் பெரிய வெற்றி" என்றார். அந்த மாதமே அவருக்கு ஒரு பாராட்டு விழா நடத்தி, சமாதானக் காவலர் என்று பட்டம் கொடுத்தார்கள். கொடுத்தது அவருடைய சேனல்தான். ஏற்புரையில் அவர் நெகிழ்ந்துபோய், "என்னை நம்பியவர்களுக்கு என்னால் எதையும் திருப்பித் தர முடிந்ததில்லை" என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் அத்தானும் இருந்தார்.

அடுத்து உன்னிப்பு தெற்கே ஒரு தீவு நாட்டின் கலங்கரை விளக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அங்கே பிள்ளைகள் இருக்கிற வீடுகளைச் சேனல்காரர்கள் விசாரித்துக்கொண்டிருக்கிறார்களாம்.

பாப்பா இப்போது கடையில் நிற்கிறாள். உள்ளூர் ஆஸ்பத்திரிகளில் கேட்டாள். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு திரும்பி வந்த நர்சுகள் அத்தனை பேரும் அங்கேதான் வரிசையில் நிற்கிறார்கள். வெளிநாட்டில் வேறோர் ஆஸ்பத்திரி அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது, ஆனால் வீட்டில் சம்மதிக்க வேண்டுமே. அவள் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றுகிற அழகைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அவ்வளவு நேர்த்தியாக, ஒரு மடிப்புப் பிசகாமல், காயத்துக்குக் கட்டுப் போடுவதுபோலச் சுற்றுவாள்.

நேற்று நான் போயிருந்தபோது கடையில் கூட்டம் குறைவு. டிவி சத்தமில்லாமல் ஓடியது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு அத்தானிடம் மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்பா, அந்த ஆஸ்பத்திரிக்காரங்க இந்த மாசத்துக்குள்ள பதில் கேட்டிருக்காங்க. நான் எப்பப்பா போகலாம்?"

அத்தான் அவளை அன்பாகப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்புறம் அவர் பார்வை மெல்ல உயர்ந்து, அவள் தலைக்குச் சற்று மேலே போய் நின்றது.

"நிலைமையை உன்னிப்பா கவனிச்சுக்கிட்டு வர்றோம்மா" என்றார்.

பாப்பா வாசலில் நின்ற ஆளுக்கு ரொட்டி சுற்றப் போனாள்.